லோ வோல்டேஜுக்குக் கணக்கு போட ஆள் இருக்கிறது, ஃபீடர் விவரம்தான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லோ வோல்டேஜில் மோட்டார் இழுக்காமல் காயில் கருகிப்போகிறது என்று விவசாயிகள் சொன்ன செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். புதிய துணை மின் நிலையம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. தேவைப்படும் இடத்தில் அது வரத்தான் வேண்டும். ஆனால் இடம், நிதி, டெண்டர் என்று வருஷங்கள் ஓடிவிடும். அதற்கு முன்னால் அந்த ஃபீடருக்கு, அதாவது துணை மின் நிலையத்திலிருந்து ஊர்களுக்கு வரும் லைனுக்கு, யாராவது லோடு ஃப்ளோ கணக்கு போட்டுப் பார்த்தார்களா? பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தக் கணக்கை நடத்துகிறவள் என்பதால் கேட்கிறேன்.

எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது, எந்தக் கம்பத்தில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் லோடு ஃப்ளோ. கேட்க எளிது. ஆனால் வோல்டேஜ் இறங்கினால் அதே வேலைக்கு மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். கரண்ட் கூடினால் வோல்டேஜ் இன்னும் இறங்கும். ஒன்று தெரியாமல் மற்றது தெரியாது. அதனால் முதலில் ஓர் ஊகத்தில் ஆரம்பித்து, திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே விடைக்கு வர வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 11 கேவி (11,000 வோல்ட்) ஃபீடர், 10 கிலோமீட்டர் நீளம், கிராமத்து லைன்களில் சாதாரணமாகப் பார்க்கும் 'வீசல்' என்ற வகைக் கம்பி. கம்பி தரும் தடையான ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்குச் சுமார் 0.9 ஓம், கரண்ட்டின் காந்தப் புலத்தால் வரும் தடையான ரியாக்டன்ஸ் சுமார் 0.38 ஓம். கடைசியில் 1 மெகாவாட் லோடு, பவர் ஃபாக்டர் 0.85, அதாவது கூடவே 0.62 மெகாவார் ரியாக்டிவ் பவரும் (மோட்டாரின் காந்தப் புலத்துக்குத் தேவைப்படுவது, நேரடியாக வேலை செய்யாதது) போக வேண்டும். மெகாவாட்டை ரெசிஸ்டன்ஸாலும் மெகாவாரை ரியாக்டன்ஸாலும் பெருக்கிக் கூட்டி, கேவியால் வகுத்தால் வோல்டேஜ் இறக்கம் கிட்டத்தட்ட வந்துவிடும். லைன் கடைசியிலும் 11 கேவி இருப்பதாக வைத்துக்கொண்டு வகுத்தால் 9.97 வருகிறது. சரி, 9.97 என்று வைத்துத் திரும்பப் போட்டால் 9.86. இன்னொரு முறை போட்டால் 9.85. அப்புறம் அது அசையவில்லை. பத்தரை சதவீதம் இறங்கியிருக்கிறது. 1956ஆம் ஆண்டு மின்சார விதிகள் 11 கேவி லைனில் 9 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்றன, 10.01 கேவிக்குக் கீழே போனால் தப்பு.

இப்போது அதே லைன் கடைசியில் கம்பத்தில் 600 கேவிஏஆர் (0.6 மெகாவார்) கெப்பாசிட்டர் பேங்க் ஒன்றை மாட்டுகிறோம். ரியாக்டிவ் பவரை அது அங்கேயே தந்துவிடுவதால், லைன் வழியே போக வேண்டிய மெகாவார் 0.02 ஆகிவிடுகிறது. கணக்கைத் திரும்பப் போட்டால் 10.10 கேவி. விதிக்குள் வந்துவிட்டது. கம்பியில் வீணாகும் மின்சாரமும் சுமார் 128 கிலோவாட்டிலிருந்து 88 கிலோவாட்டாகக் குறைகிறது. இதற்குத் துணை மின் நிலையம் தேவைப்படவில்லை. ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டவும் கூடாது. இரவில் பம்ப்செட்டெல்லாம் நின்றபின் அதே கெப்பாசிட்டர் வோல்டேஜை மேலே தூக்கும். அதனால் பகல் உச்ச லோடு, இரவுக் குறைந்த லோடு இரண்டுக்கும் கணக்கு போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். நிஜத்தில் லோடு லைன் நெடுக டிரான்ஸ்பார்மர் டிரான்ஸ்பார்மராகப் பிரிந்து இருக்கும், கிளை லைன்கள் பிரியும். கையால் முடியாது. சாதாரண லேப்டாப் நொடியில் போட்டுவிடும்.

இதற்கான முறைகள் புதியவை அல்ல. வார்டும் ஹேலும் 1956இல் இதைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்கள். 1967இல் டின்னியும் ஹார்ட்டும் நியூட்டன் முறையை நடைமுறைக்கு ஏற்றதாக்கினார்கள். 1974இல் ஸ்டாட், அல்சாச் இருவரும் 'ஃபாஸ்ட் டீகப்பிள்டு' என்ற வேகமான முறையைத் தந்தார்கள். மூன்றும் எங்கள் பாடத்தில் இருக்கின்றன. நடத்தும் விதம்தான் எனக்கு வருத்தம். பரீட்சையில் மூன்று பஸ் (லைன்கள் சேரும் சந்திப்பு) கொடுத்து, காஸ்-சைடல் என்ற திருத்தித் திருத்திப் போடும் முறையில் 'முதல் இட்டரேஷன் (சுற்று) முடிவில் வோல்டேஜ் காண்க' என்று கேட்பார்கள். மாணவர்களும், விடைக்குச் சீக்கிரம் வர உதவும் ஆக்ஸிலரேஷன் ஃபாக்டர் 1.6 என்று மனப்பாடம் பண்ணி எழுதிவிடுவார்கள். விடை எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதே இல்லை. லேபில் போடுவது ஐஈஈஈ 14 பஸ் சிஸ்டம் என்ற மாதிரிக் கட்டமைப்பு. அது 1962இல் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இருந்த மின் கட்டமைப்பின் ஒரு துண்டு. அதன் ஒவ்வொரு லைனும் என் மாணவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஹாஸ்டலுக்கு வரும் ஃபீடரில் என்ன கம்பி, எத்தனை டிரான்ஸ்பார்மர் என்று கேட்டால் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

ஃபாஸ்ட் டீகப்பிள்டு முறை, ரெசிஸ்டன்ஸை விட ரியாக்டன்ஸ் பல மடங்கு பெரியது என்ற அனுமானத்தில் நிற்கிறது. 400 கேவி லைனுக்கு அது சரி. மேலே சொன்ன வீசல் கம்பியில் நிலைமை தலைகீழ், ரெசிஸ்டன்ஸ்தான் இரண்டு மடங்குக்கு மேல். அங்கே அந்த முறை திணறும், சில நேரம் விடைக்கே வராது. கிளை கிளையாகப் போகும் கிராமத்து ஃபீடருக்கு ஏற்றது 'பேக்வேர்டு-ஃபார்வேர்டு ஸ்வீப்'. கடைமடையிலிருந்து கரண்ட்டைக் கூட்டிக்கொண்டே துணை மின் நிலையம் வரை வருவது, அங்கிருந்து வோல்டேஜைக் கழித்துக்கொண்டே திரும்பப் போவது, மாற்றம் நிற்கும் வரை இதையே செய்வது. மேலே நான் போட்டதும் அதன் குட்டி வடிவம்தான். பாடத்திட்டத்தில் இதற்குக் கூடுதல் இடம் வேண்டும். மென்பொருளுக்கும் காசு தேவையில்லை. ஓப்பன்டிஎஸ்எஸ், பாண்டாபவர் இரண்டும் இலவசம்.

சோலார் வந்தபின் இந்தக் கணக்கு இன்னும் அவசரமாகிவிட்டது. கூரைகளிலும் வயல்களிலும் பேனல் பெருகினால், லோடு குறைந்த மத்தியான நேரத்தில் மின்சாரம் திரும்பி லைனுக்குள் வரும். அப்போது கடைசியில் இருப்பவருக்கு வோல்டேஜ் ஏறும். கலிபோர்னியாவின் பெரிய மின் நிறுவனங்கள் எந்த ஃபீடர் எவ்வளவு சோலார் தாங்கும் என்று இதே கணக்கைப் போட்டு, வரைபடமாகவே பொதுமக்களுக்குத் தருகின்றன.

இங்கே பாதுகாப்பைக் காரணம் காட்டலாம். 400 கேவி, 230 கேவி விவரங்களை மூடி வைக்கட்டும், நியாயம்தான். ஆனால் ரோட்டோரம் எல்லோர் தலைக்கு மேலும் போகும் 11 கேவி கம்பியில் என்ன ரகசியம்? 2021இல் மத்திய அரசு அறிவித்த சீரமைப்புத் திட்டத்தின் மதிப்பு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஃபீடருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் மீட்டர் வைப்பதும் அதில் அடக்கம். பொதுப் பணத்தில் எடுக்கப்படும் அந்த அளவீடுகளைப் பொதுமக்களும் பார்க்க முடிய வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு 11 கேவி, 22 கேவி ஃபீடருக்கும் ஒற்றை வரி வரைபடம், எங்கே எந்தக் கம்பி, எத்தனை கிலோமீட்டர், டிரான்ஸ்பார்மர்களின் திறன் (கேவிஏ), மாதாமாதம் உச்ச ஆம்பியரும் குறைந்த ஆம்பியரும். இவற்றை மின் விநியோக நிறுவனங்கள் இணையத்தில் போடட்டும். வீட்டு இணைப்பு எண்ணோ நுகர்வோர் பெயரோ வேண்டாம். அந்தந்தப் பகுதிக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்டாக எடுத்துக் கணக்கு போட்டு, உதவி செயற்பொறியாளரிடம் கொடுக்கட்டும். லைன்மேன்களுடன் நடந்துபோய்க் கம்பங்களையும் கம்பியையும் சரிபார்க்க என் மாணவர்கள் தயார். அடுத்த கோடைக்கு முன் ஒரு மாவட்டத்திலாவது இதை ஆரம்பிக்க மின்துறை அனுமதி தர வேண்டும்.

இப்படிக்கு,
மின்னியல் துறை ஆசிரியை,
துறையூர்.