முதல் பாகத்திலிருந்தே தொடங்கு

தக்கலை

அன்புள்ள மகனுக்கு,

மக்களே, ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கல்கியின் பொன்னியின் செல்வனில் மூன்றாம் பாகம் மட்டும் கிடைத்திருக்கிறது, 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் வந்த படங்களைப் பார்த்துக் கதையும் தெரிந்துவிட்டது, ஆகவே அதிலிருந்தே தொடங்கலாமா என்று கேட்டாய். தொடங்காதே.

நான் அப்படிச் செய்து இழந்தவள். கல்கி இதழில் அந்தக் கதை மறுபடியும் வெளிவந்தபோது, உன் பாட்டி வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்து, கோணியூசியால் தைத்து, மைதாப் பசை தடவி அட்டை போட்டு வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் என் கையில் முதலில் அகப்பட்டது நான்காம் பாகமான மணிமகுடம். கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் இறந்துகிடந்தான். நந்தினிக்கும் அவனுக்கும் இடையே என்ன இருந்தது என்பதே தெரியாத நான், யாரோ ஓர் இளவரசன் செத்தான் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். மூன்று பாகங்களாகக் கல்கி சிறுகச் சிறுக வளர்த்த அச்சம் எனக்கு வாய்க்காமலே போயிற்று. பிறகு முறையாக வாசித்தும் அந்த இடம் எனக்கு முதல் வாசிப்பாக ஆகவே இல்லை.

முடிவு தெரிந்திருப்பது வேறு, வழியெல்லாம் நடந்து வந்திருப்பது வேறு. முதல் பாகத் தொடக்கத்தில் வீர நாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, ஏரித் தண்ணீர் வெளியேறும் அந்த 74 கணவாய்களையும் அவனோடு கடந்து வந்தால்தான் சோழ நாட்டின் செழிப்பு உனக்குள் இறங்கும். அந்த நாடு யார் கைக்குப் போகும் என்ற கவலையும் அதற்குப் பிறகுதான் உன்னைப் பிடிக்கும்.

சிவகாமியின் சபதம் கதை நடக்கும் காலத்தால் முந்தியது, எனவே அதைப் படித்துவிட்டே பார்த்திபன் கனவுக்குப் போகவேண்டும் என்று உன் நண்பர் சொன்னதாகவும் சொன்னாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்கி 1941இல் பார்த்திபன் கனவைத் தொடங்கினார். சபதம் 1944இல்தான் வரத்தொடங்கியது. சபதத்தின் மாறுவேடங்களில் பழகிவிட்டால், கனவில் வரும் சிவனடியார் யார் என்று வெகு சீக்கிரம் ஊகித்துவிடுவாய். மாறாக, ஆயுதத்தைத் துறந்த சிறுத்தொண்டரைக் கனவில் பார்த்துவிட்டுச் சபதத்துக்கு வந்தால், பின்னாளில் அந்தச் சிறுத்தொண்டராகப் போகிறவனை, கையில் வேலோடு காஞ்சிக்கு நடந்து வரும் பரஞ்சோதி என்ற பையனாகக் கண்டதும் உன் மனம் ஒரு கணம் நின்றுவிடும். எழுதப்பட்ட வரிசையில் வாசிப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் கணம் அது.

எல்லாத் தொடர்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும் என்று சொல்லமாட்டேன். நம் மாவட்டத்துக்காரரான ஜெயமோகன் மகாபாரதத்தை ஒட்டி 2014 முதல் 2020 வரை எழுதிய வெண்முரசின் 26 நாவல்களில், நான்காவதான நீலத்தைத் தனியாகவே எடுத்து வாசிக்கலாம். ராதையின் பித்தை உணர முன்கதை தேவையில்லை. ஒருமுறை முழுவதும் வாசித்து முடித்த எந்தத் தொடரிலும் மனம்போனபடி எந்தப் பக்கத்தையும் திறந்துகொள்ளலாம். நானும் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன். பொன்னியின் செல்வனில் பூங்குழலி படகில் பாடும் இடத்துக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை.

கிடைத்த மூன்றாம் பாகத்தை அலமாரியில் வைத்துவிடு. பாட்டி தைத்த முதல் பாகத்தை நாளை தபாலில் அனுப்புகிறேன். நடுவில் தையல் விட்டிருக்கிறது, மழை ஈரத்தில் தாளும் நொய்ந்துவிட்டது, மெல்லப் புரட்டு.

உன் அன்பு அம்மா