வாசனை இல்லை என்பதை நம்பாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம், பெட்ரோல் கசிந்த மண்ணைச் சோதிக்கத் துளை போடும் வண்டி வந்துவிட்டது என்று போன் வரும், கிளம்பிவிடுவேன். முழங்கால் வலிக்கு மருத்துவர் நடக்கச் சொல்கிறார். இந்த வேலையில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை.

மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்குக்குப் பக்கத்து மனையை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். "மோந்து பாருங்கள், வாசனையே இல்லை" என்று தரகர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்துச் சிரித்தேன். ஆனால் இப்போது நான் பார்க்கும் இடத்தில் என் மூக்கும் என்னை ஏமாற்றியது, அதனால் ரொம்பச் சிரிக்கவும் முடியவில்லை.

அதுவும் ஒரு பங்க்தான். பல மாதமாகக் கணக்கில் பெட்ரோல் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. குளிரில் சுருங்குகிறது என்று உரிமையாளர் விட்டுவிட்டார். முழுப் பொய் இல்லை. ஒரு டிகிரி குறைந்தால் பெட்ரோலின் கொள்ளளவு சுமார் 0.1 சதவீதம் சுருங்கும். 10,000 லிட்டர் 5 டிகிரி குளிர்ந்தால் 50 லிட்டர் வரை காணாமல் போனதுபோல் தெரியும். ஆனால் சுருங்குவது இன்னொரு நாள் விரியவும் வேண்டுமே! அவர் ஏட்டில் ஒரு நாள்கூடக் கூடவில்லை.

நான் டேங்கைத்தான் சந்தேகப்பட்டேன். பழைய இரும்பு டேங்க், துருப்பிடித்திருக்கும் என்று கணக்குப் போட்டு அதைச் சுற்றி நான்கு துளை போட்டேன். நான்கிலும் மண் சுத்தம். அப்புறம் இரவு முழுக்க விற்பனையை நிறுத்தி டேங்க் மட்டத்தைப் பார்த்தோம், அசையவில்லை. அதற்குப் பிறகுதான் ஏட்டை ஒழுங்காகப் படித்தேன். விற்பனை கூடிய நாளில் குறைவும் கூடியிருந்தது. பம்ப் மீட்டர் பிழையோ என்று அதையும் சோதித்தோம், சரியாகத்தான் இருந்தது. கடைசியில், வண்டிகளுக்கு அடிக்கும் ஒரு பம்பின் அடியில் இருந்த குழாய் இணைப்பு! பம்ப் ஓடும்போதுதான் அந்தக் குழாயில் முழு அழுத்தம் ஏறும், அப்போது கசியும். ஏட்டை முதல் நாளே படித்திருந்தால் நான்கு துளை மிச்சமாகியிருக்கும். இத்தனை வருட அனுபவம் என்று நீ யாரிடமாவது என்னைப் பெருமையாகச் சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்.

கசிந்த பெட்ரோல் நேராக இறங்கவில்லை. கொஞ்ச ஆழத்தில் ஒரு களிமண் படுகை சாய்வாக இருந்தது, அதன் மேலேயே வழுக்கி, பம்பிலிருந்து நல்ல தூரம் தள்ளி மணலுக்குள் விழுந்திருக்கிறது. மேலே நின்றால் ஒன்றும் தெரியாது. போதாததற்கு, கொஞ்ச நேரம் அந்த ஆவியில் நின்றால் மூக்கு பழகிவிடும், நாற்றம் போனதாக நினைப்போம். அதனால்தான் ஒவ்வொரு மண்துண்டையும் ஆவி அளக்கும் கைக்கருவியால் பார்க்கிறோம். அதுவும் எங்கே மாதிரி எடுப்பது என்று காட்டத்தான், தீர்ப்பு ஆய்வகத்தில். மாதிரியைச் சாவகாசமாக எடுத்துப் பையில் போட்டால் ஆவி பறந்து, அசுத்தமான மண்ணும் சுத்தம் என்று வந்துவிடும். எடுத்த கையோடு மெத்தனால் இருக்கும் சீசாவில் போட்டுக் குளிரில் வைக்க வேண்டும். தண்ணீர் மாதிரி என்றால் சீசாவில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. புதுப் பையன்கள் இதற்குத்தான் என்னைத் திட்டுகிறார்கள்.

நிலத்தடி நீரைத் தொட்டதும் பெட்ரோல் மிதக்கும். மழைக்குப் பின் நீர்மட்டம் ஏறியதும் கண்காணிப்புக் கிணற்றில் மிதந்த படலம் மறைந்தது. உரிமையாளருக்கு ஒரே மகிழ்ச்சி. அது எங்கும் போகவில்லை, ஏறிய தண்ணீருக்குக் கீழே மண் துகள்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. மட்டம் இறங்கட்டும், திரும்ப வரும் என்றேன். வந்தது.

உனக்கு முக்கியம் தண்ணீரில் கரையும் பகுதிதான். அதில் மோசமானது பென்சீன், புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம். குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பெட்ரோலில் கொள்ளளவில் 1 சதவீதம் பென்சீன் என்று வைத்துக்கொள். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது மட்டுமே எட்டு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுபோகப் போதும். அந்த அளவு மூக்குக்கும் நாக்குக்கும் தெரியாது. உன் தரகருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ரொம்பப் பயமுறுத்தவும் விரும்பவில்லை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகள் இதைத் தின்னும், ஆக்ஸிஜன் கிடைத்தால் வேகமாகவே தின்னும். கசிவை நிறுத்திவிட்டால் தண்ணீரில் பரவியது பல இடங்களில் ஓரளவு தூரத்தோடு நின்று, பிறகு சுருங்குகிறது. எல்லா மண்ணையும் தோண்டி லாரியில் ஏற்றுவதே சுத்தம் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, எங்கே எவ்வளவு என்று தெரியாமல் தோண்டுவது வெறும் இடமாற்றம்.

ஆகவே மனை விஷயத்தில் அவசரப்படாதே. பழைய டேங்கையும் குழாய்களையும் எடுத்துவிட்டார்களா, அப்படியே புதைத்து வைத்திருக்கிறார்களா என்று எழுத்தில் கேள். அங்கே ஏற்கெனவே துளை போட்டிருந்தால் அறிக்கையை வாங்கு. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் உன் கேள்வி. அதற்கு ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளாவது வேண்டும், மூன்றின் நீர்மட்டத்தையும் ஒரே உயரக் குறியிலிருந்து கணக்கிட்டிருக்க வேண்டும். உன் மனை ஓட்டத்தின் மேல் பக்கம் இருந்தால் பாதிக் கவலை போயிற்று. கீழ்ப் பக்கம் என்றால் தண்ணீரை மட்டும் பார்த்தால் போதாது. வீடு கட்டியபின் மண்ணிலிருந்து ஆவி தரை விரிசல் வழியே உள்ளே வரலாம், அதனால் மண்ணுக்குள் இருக்கும் காற்றையும் சோதிக்கச் சொல்.

அறிக்கை கிடைத்தால் எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிக்கிறேன். மனையின் வரைபடத்தையும் சேர்த்து அனுப்பு. போன தடவை நீ கையால் வரைந்து அனுப்பியதில் வடக்கு எது என்றே போடவில்லை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்