ஆறு திரும்பி ஓடாது: கேப் டவுன் மகளுக்கு ஒரு கடிதம்

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள கண்ணம்மா,

மாப்பிள்ளை அனுப்பிய நான்கு நாள் திட்டம் கிடைத்தது. செப்டம்பர் 24 வியாழன் காலை கேப் டவுனில் கிளம்பி மாலைக்குள் ஃபியோல்ஸ்டிரிஃப். வெள்ளி ஆரஞ்சு ஆற்றில், நின்றுகொண்டு ஓட்டுகிற துடுப்புப் பலகையில் 25 கிலோமீட்டர். சனி எல்லை தாண்டி நமீபியாவின் ஃபிஷ் ரிவர் கேன்யனில் இறங்கி ஏறுவது. ஞாயிறு வீடு. தாளில் அழகாகத்தான் இருக்கிறது. பாதியை வெட்டுங்கள்.

முதலில் சனிக்கிழமை. ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கில் இறங்க மே 1 முதல் செப்டம்பர் 15 வரைதான் அனுமதி. அதற்குப் பிறகு உள்ளே வெயில் ஆளைச் சுட்டுவிடும் என்பதால் பாதையை மூடிவிடுவார்கள். சீசன் நாளிலும் காலையில் இறங்கி மாலையில் ஏறிவர விடமாட்டார்கள். இறங்கினால் பாதை முடிகிற ஐ-ஐஸ் வரை பல நாள் நடைதான். உங்களுக்குக் கிடைப்பது விளிம்பில் நின்று 550 மீட்டர் ஆழத்தை எட்டிப் பார்ப்பது மட்டும். அதற்கு எல்லைச் சாவடி, சரளைச் சாலை என்று ஒரு முழு நாள் போய்விடும். இன்னொரு வருஷம் அதற்கென்றே போங்கள். நீங்கள் தங்கும் ஆற்றங்கரை முகாமுக்குப் பக்கத்திலேயே, தென்னாப்பிரிக்கப் பக்கமான நம் கரையில், மலையை அறுத்துக்கொண்டு ஆற்றுக்கு வரும் வறண்ட ஓடைகள் இருக்கின்றன. ஒரு காலைப் பொழுதுக்கு அவை போதும். முகாம்காரரைக் கேட்டுவிட்டுப் போங்கள். பல இடம் தனியார் பண்ணை நிலம்.

இப்போது ஆறு. ஸாண்ட்ஃப்லெய் ஏரியில் நீங்கள் பழகியது நல்லதுதான். ஆனால் ஏரியில் கை வலித்தால் திரும்பி வந்துவிடலாம். ஆற்றில் முதல் துடுப்பு போட்டதும் புறப்பட்ட இடம் உங்களுக்கு இல்லை. அதனால் எதை யோசிப்பதென்றாலும் கரையிலேயே யோசித்து முடிக்க வேண்டும்.

25 கிலோமீட்டர் வேண்டாம், 10 போதும். பலகையில் நின்று துடுப்பு போடுகிறவர் அசையாத நீரில் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போவார். எதிர்காற்று வந்தால் அதில் பாதிகூடத் தேறாது, நிற்கும் உடம்பே பாய்மரமாகிவிடும். அங்கே பிற்பகலில் கடல் பக்கமிருந்து காற்று ஆற்றை எதிர்த்து ஏறும். காலை 7 மணிக்கு இறங்கி 11 மணிக்குள் கரை ஏறுகிற மாதிரி வையுங்கள். நடுவில் காற்று பிடித்தால் மண்டியிட்டு, துடுப்பைக் கீழே இறக்கிப் பிடித்து, கரையோரமாகப் போங்கள். பாறைகளுக்கு நடுவே நீர் வேகமாகத் துள்ளி ஓடாத பகுதியாகப் பார்த்து முகாம்காரரிடமே கேட்டு வாங்குங்கள். வண்டியை இறங்கும் இடத்தில் விட்டு, ஏறும் இடத்திலிருந்து அவர்கள் உங்களைக் கூட்டி வரும் ஏற்பாட்டையும் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

ஏறும் இடத்தை வியாழன் மாலையே கரை வழியாகப் போய்ப் பாருங்கள். இரு கரையிலும் நாணல் சுவர் மாதிரி நிற்கும். தண்ணீரிலிருந்து பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். இடைவெளியைக் கண்டுபிடிக்குமுன் நீரோட்டம் தாண்டிக் கொண்டுபோய்விடும். அம்மாவின் பழைய மஞ்சள் புடவையில் ஒரு கிழிசலை அனுப்பியிருக்கிறேன். அதை நாணலில் உயரமாகக் கட்டிவிட்டு வாருங்கள், ஏறினதும் மறக்காமல் அவிழ்த்துக்கொள்ளுங்கள்.

கயிறு விஷயத்தில் கண்டிப்பாக இரு, கண்ணு. பலகையோடு பிணைக்க ஏரியில் கணுக்காலில் மாட்டுகிற லீஷ் கயிற்றை ஆற்றுக்குக் கொண்டுபோகவே கூடாது. பலகை ஒரு கிளைக்கு அந்தப் பக்கமும் நீ இந்தப் பக்கமும் போனால், கயிறு நடுவில் சிக்கிக்கொள்ளும். நீரோட்டம் உன் காலை இழுத்து உடம்பை நீருக்கடியில் படுக்க வைத்துவிடும். எதிர்நீரை மீறிக் கணுக்கால் வரை குனிய யாராலும் முடியாது. மிதவைச் சட்டைக்கு மேல் இடுப்பில் கட்டுகிற, குமிழை இழுத்தால் சட்டென்று கழன்றுவிடும் பெல்ட்தான் வேண்டும். வலது கையாலும் இடது கையாலும் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை இழுத்துப் பழகுங்கள். மிதவைச் சட்டையைப் பலகையின் மேல் கட்டி வைப்பது புகைப்படத்துக்குத்தான் உதவும்.

செப்டம்பரில் ஆறு தாழ்ந்து ஓடும் காலம். மேலே கரீப், வாண்டர்க்ளூஃப் அணைகள் நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன, அங்கே திறந்துவிடுவது கீழே வந்துசேர வாரக்கணக்கு ஆகும். நீர் தெளிவாக இருக்கும், பல இடத்தில் முழங்கால் ஆழம்கூட இருக்காது. உங்கள் பலகையின் அடியில் செதில் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நடு ஃபின் 23 சென்டிமீட்டர். அது கூழாங்கல்லில் இடித்தால் பலகை நின்றுவிடும், நீ மட்டும் முன்னால் பறப்பாய். 10 சென்டிமீட்டர் சின்ன ஃபின் வாங்கி மாட்டுங்கள். பலகை கொஞ்சம் பக்கவாட்டில் அலையும், பரவாயில்லை. நிறம் மாறி, அலை நெளிந்து தெரிகிற இடத்தில் முட்டியை மடக்கி, ஒரு காலைப் பின்னால் வைத்து நில். விழுந்தால் தட்டையாக விழு, காலை ஊன்றி நிற்கப் பார்க்காதே. ஓடும் நீரில் பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டினால் முழங்கால் ஆழமே போதும் ஆளை அமுக்க. மல்லாந்து, கால் நீரோட்டத் திசையில் இருக்க, மிதந்துபோய் அமைதியான இடத்தில் எழுந்திரு.

காற்றடைக்கும் பலகை என்பதால் இன்னும் சில. புதன்கிழமை அல்ல, அதற்கு முந்தின வாரமே வீட்டில் காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ வரை ஏற்றி ஒரு இரவு விட்டுப் பாருங்கள். ஒட்டுப் போட்டால் பசை காய ஒரு நாள் வேண்டும். ஆற்றங்கரையில் பழுது பார்க்கிற கதை நடக்காது. பம்ப் அடிக்கும்போது முதல் சில நிமிடம் முள் அசையாது, பம்ப் கெட்டுப்போச்சு என்று மாப்பிள்ளை கழற்றிவிடப் போகிறார். வால்வின் நடு ஊசி மேலே எழும்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்; அது அமுங்கி இருந்தால் குழாயை எடுத்த அடுத்த நொடி அத்தனை காற்றும் போய்விடும். வால்வில் மணல் ஒரு துகள் இருந்தாலும் மெல்ல ஒழுகும், ஈரத்துணியால் துடையுங்கள். விடியற்குளிரில் 15 ஏற்றின பலகை வெயிலில் கிடந்து முப்பது டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 18 ஆகிவிடும். ஓரத் தையல் பிரிவது அப்படித்தான். கரையில் நிறுத்தினால் நிழலில் வையுங்கள், அல்லது நீரிலேயே விட்டுக் கட்டுங்கள். மதியம் அதைக் காயப்போடுகிற வேலை வேண்டாம். துடுப்பு உன் உயரத்தைவிட ஒரு சாண் நீளம் இருந்தால் சரி. அதன் தட்டு முன்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். கரண்டி மாதிரி உன்னைப் பார்க்கத் திருப்பிப் பிடிப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

வண்டிச் சாவி பலகையில் போகக் கூடாது, நீர் புகாத சின்னப் பையில் உன் சட்டையோடு கட்டு. பாஸ்போர்ட்டையும் அதிலேயே வை, எதிர்க்கரை வேறு நாடு.

சனிக்கிழமை ஓடையில் நடக்கும்போதும் அதே கணக்குதான். வழுவழுப்பான காய்ந்த அருவிப் பாறைகள் வரும். ஏறும்போது கை பிடிக்கும் இடம் கண்ணுக்கு நேரே தெரியும், இறங்கும்போது காலுக்குக் கீழே மறைந்துவிடும். ஏறின ஓர் ஆள் உயரத்தை உடனே இறங்கிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். இறங்க வராவிட்டால் அதோடு திரும்புங்கள். வானம் இங்கே நீலமாக இருப்பது ஒன்றும் சொல்லாது. 1997 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பிளவில் 11 பேர் வெள்ளத்தில் போனார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. நம் கரூ என்ற வறண்ட பகுதியில் 1981 ஜனவரியில் லேயிங்ஸ்பர்க் ஊரில் 104 பேரை அடித்துக்கொண்டு போனதும் வறண்டு கிடக்கிற ஆறுதான். மலைப் பக்கம் கருமேகம் தெரிந்தால் ஓடையில் கால் வைக்காதீர்கள். மணல் மெத்தென்று இருக்கிறதே என்று அதில் கூடாரமும் போடாதீர்கள்.

கள்ளிச் செடிகளைப் பாட்டி சொன்ன அதே பயத்தோடு பாருங்கள். பால் கண்ணில் பட்டால் எரிச்சல் சாதாரணமாக இருக்காது. காய்ந்த கள்ளியை அடுப்பில் வைக்கவே வேண்டாம், புகையும் நஞ்சு. விறகு வழியில் ஸ்பிரிங்போக் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள், பெட்ரோலும் அங்கேயே நிரப்புங்கள். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். தேளில் வால் பருத்து, முன்னால் இருக்கும் இடுக்கிக் கை மெலிந்தது எதுவோ அதுதான் மோசமானது.

தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர். சமையலுக்கும் சேர்த்து 25 லிட்டர் கேன் இரண்டு. ஒரே பெரிய கேன் வேண்டாம், ஒழுகினால் எல்லாம் போச்சு. குடிக்கிற புட்டியில் லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சை.

சாப்பாட்டைப் பற்றி அம்மா சொல்லச் சொன்னாள். 24-ஆம் தேதி நாடே நெருப்பில் கறி சுட்டு பிராய் போட்டுக்கொண்டிருக்கும், உங்களுக்குப் புரட்டாசி. அதுவும் சனிக்கிழமை நடுவில் வருகிறது. கறி இல்லாதது நல்லதுதான், அந்த வெயிலில் கூலர் பாக்ஸை நம்ப முடியாது. முதல் நாளைக்கு ரொட்டியும் உருளைக்கிழங்குப் பொரியலும். இரண்டாம் நாளைக்குப் புளிச்சோறு, நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, சோறு நன்றாக ஆறினபிறகு கட்டு. தேங்காய் சேர்த்த எதையும் எடுத்துப்போகாதே.

வழியில் வரும் நமக்வாலாந்துப் பகுதியின் காட்டுப் பூக்கள் அதற்குள் முடிகிற நேரம். மிச்சம் இருந்தால் போகும்போது தேடி ஏமாறாதீர்கள். அவை சூரியனைப் பார்த்து, அதாவது வடக்கே பார்த்து நிற்கும். வடக்கே ஓட்டிப் போகிறவனுக்கு முதுகுதான் தெரியும். ஞாயிறன்று தெற்கே வரும்போது முகம் காட்டும், அதுவும் வெயில் ஏறினபிறகு. காலை பத்தரைக்கு முன்னால் காரீஸ் ஊரைத் தாண்டாதீர்கள்.

இறங்கும் நேரம், ஏறும் இடம், முகாமின் போன் நம்பர் மூன்றையும் வியாழன் இரவு எங்களுக்கு அனுப்பு. கரை ஏறினதும் ஒரு வார்த்தை போடு. புளிச்சோறு கட்டுகிற எவர்சில்வர் தூக்கைத் தீபாவளிக்கு வரும்போது கொண்டு வரச் சொல்கிறாள் அம்மா. போன வருஷம் கொடுத்ததும் உன்னிடம்தான் இருக்கிறதாம்.

அப்பா