வேலிமசாலை மண்ணோடு ஒட்ட அறுக்கச் சொல்லும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதித் தீவன மேம்பாட்டுத் திட்டத்தை நடத்தும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கோரத்தில் காடுகள் என்று நாங்கள் சொல்லும் எங்கள் நிலங்களில், கொளுக்கட்டைப் புல்லுக்கு இடையே வேலிமசால் என்னும் பயறுவகைத் தீவனச் செடியை விதைக்க நீங்கள் மானியம் கொடுத்த விவரமெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும். ஆகவே, அண்மையில் நடந்த ஆய்வைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விளைச்சலை எடைபோட வேண்டும் என்று சொல்லி, தழைத்து நின்ற வேலிமசாலை மண்ணோடு ஒட்ட அறுக்க வைத்தீர்கள். விதைத்த 90ஆம் நாள் முதல் அறுப்பு, அடித்தண்டில் 50 செ.மீ. விட்டு அறுக்க வேண்டும், பிறகு 40 நாளுக்கு ஒருமுறை என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அது உங்களுக்குத் தெரியாததல்ல. இலை சமைக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவுக்குப் போகிறது. அதற்கு மாற்றாகவே அவை காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. ஓர் இலைகூட மிஞ்சாமல் அறுத்தால் முடிச்சுகள் பட்டினியில் முதிர்ந்து உதிர்கின்றன. அறுத்த சில நாளில் ஒரு செடியைத் தோண்டி முடிச்சைக் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது பச்சையும் பழுப்புமாகக் குழைந்திருந்தது. துளிர்க்க அவகாசம் கொடுத்திருந்தால் புது முடிச்சுகள் வந்திருக்கும். அதற்குள் ஆடுகளை விட்டுப் படம் எடுக்கவும் சொன்னீர்கள்; மேய்ச்சல் நிலத் திட்டத்தில் ஆடு இல்லாத படம் அழகாக இராதுதான்.

இவ்வளவும் ஆன பின், பயிர் தேறவில்லை என்று குறித்துக்கொண்டு, தழைச்சத்து உரமான யூரியா இடச் சொல்லித் தாள் அனுப்பியிருக்கிறீர்கள். மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும். பாக்டீரியாவைப் பட்டினி போட்டது ஒரு கை என்றால், இனி அது வேண்டாம் என்று செடிக்குச் சொல்லிக் கொடுப்பது மறு கை. யூரியாவை நம்பித்தான் வளர்க்க வேண்டுமென்றால் புல்லே போதுமே, பயறுவகைத் தீவனம் எதற்கு?

ஆகவே கேட்டுக்கொள்கிறேன்: ஒட்ட அறுக்கும் விதியை நீக்குங்கள்.

ரைசோபியம் பாக்கெட் விதைப்பு முடிந்த பிறகு, காலாவதித் தேதி கடந்து வந்து சேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் தடவி, நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டியதை, முளைத்த செடிக்கு எப்படித் தடவுவது? அதுவும் எல்லா ரைசோபியமும் எல்லாச் செடியிலும் முடிச்சு வைப்பதில்லை. வேலிமசாலுக்கு அதற்குப் பொருந்தும் வகைதான் வேண்டும். உடன் வந்த வழிகாட்டித் தாளோ மலையாளத்தில் மட்டும் இருந்தது. மொழிச் சிறுபான்மைப் பகுதியில் அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுதிக்கொள்ளலாம் என்ற 1969ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம் இன்னும் ஏட்டில்தான் இருக்கிறது போலும். அதைப் பேசத் தொடங்கினால் இந்த மடல் போதாது, பொறுத்தருளுங்கள்.

மீண்டும் பணிவுடன் கேட்பது இதுதான்: ஒட்ட அறுக்கும் விதியை நீக்கி, யூரியாவுக்கு ஒதுக்கிய பணத்தில் பொருத்தமான ரைசோபியத்தை விதைப்புக்கு முன்பே கொடுத்து, அறுப்புக்கும் மேய்ச்சலுக்கும் இடையே துளிர்க்கும் காலம் விட அனுமதியுங்கள். எடைபோட்டே ஆக வேண்டுமென்றால், காட்டின் ஒரு மூலையில் அரை மீட்டருக்கு மேலே அறுத்து எடைபோட்டுக்கொள்ளலாம். தராசு நாங்களே கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
சித்தூர் வட்டத்துக் கால்நடை வளர்ப்போர் ஒருவர்