சின்னவனின் விரல் மரு

அன்புள்ள மகளுக்கு,

சின்னவனின் ஆள்காட்டி விரலில் நகத்தை ஒட்டி முளைத்திருப்பது வெறும் மருதான் என்று தோல் மருத்துவர் சொல்லிவிட்டதை அறிந்து நிம்மதி அடைந்தேன். ஆனால் அதை உடனே எடுத்துவிட வேண்டும் என்று நீ துடிப்பது தெரிவதால் இதை எழுதுகிறேன்.

உன் வலது கட்டைவிரல் நகத்தின் நடுவே ஓடும் பள்ளத்தைப் பார். உனக்கு 6 வயதானபோது அங்கே இருந்த மருவின் மேல், யாரோ சொன்னார்கள் என்று, சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைத்தவள் நான்தான். மரு விழுந்தது, அதோடு நகம் வளரும் இடமும் வெந்துபோனது. நகத்தின் அடித்தோலுக்குள் மறைந்திருக்கும் அந்த இடத்தில் கத்தியோ அமிலமோ, மருவை உறையவைக்கப் பயன்படுத்தும், மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனோ ஆழமாகப் பட்டால் நகம் நிரந்தரமாகக் கோணிவிடக்கூடும் என்பது எனக்கு அன்று தெரியாது.

மருவில் தெரியும் கரும்புள்ளிகளை வேர் என்று நினைத்து ஊசியால் கிளறாதே. அவை இரத்தம் உறைந்த நுண்குழாய்கள். மருவுக்கு வேரே கிடையாது. அதை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் தோலின் மேலடுக்கில்தான் குடியிருக்கிறது. நகத்தைக் கடித்து ஓரத் தோலைப் பிய்க்கும் பிள்ளைக்கு அந்தக் கீறல்கள் வழியே அது விரலுக்கு விரல் பரவும், உதட்டுக்கும் போகும். ஆகவே மருந்துக்கு முன்னால் அவன் கடிப்பதை நிறுத்தப் பார். திட்டாதே, திட்டினால் உன்னைப் போலவே ஒளிந்துகொண்டு கடிப்பான். விரலில் பிளாஸ்திரி ஒட்டிவிடு. துண்டைத் தனியாக வை.

மருத்துவர் கொடுத்த சாலிசிலிக் அமிலத்தை, விரலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த பிறகு, சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவிக்கொண்டு மருவின் மேல் மட்டும் இடு. 12 வாரம்கூட ஆகலாம். பிள்ளைகளின் மரு பெரும்பாலும் 2 ஆண்டுகளுக்குள் தானே மறைந்துவிடுகிறது. வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டவர்களுக்கு மரு உதிர்ந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு என்று உன் அப்பா சிரிக்கிறார். ஆனாலும் நான் போன வாரம் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

வலித்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, நகம் தூக்கிக்கொண்டாலோ மறுபடியும் மருத்துவரிடம் காட்டு. அம்மான் பச்சரிசிச் செடியின் பாலை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். அந்தப் பால் கண்ணில் பட்டால் புண்ணாக்கும். 5 வயதுப் பிள்ளையின் விரல் கண்ணுக்குப் போகாமல் இருக்காது. வேண்டாம்.

அன்புடன்,
அம்மா