கருவேல ஆய்வுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரியீர்,

வறண்ட நிலங்களில் தானாக வளர்ந்து நிற்கும் கருவேல மரக்கூட்டங்களின் மரபணு வேறுபாட்டை அறிய நாங்கள் மேற்கொண்ட ஆய்வில், இலை சேகரிப்பும் ஆய்வகப் பணியும் நிறைவுற்றுள்ளன. துணை நின்ற அனைவருக்கும் நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி மேய்ப்பர்களுக்கு உரியது. ஒரு மரம் தானே முளைத்ததா, எவரேனும் ஊன்றியதா என்பதை டி.என்.ஏ.வை மட்டும் கொண்டு உறுதியாகச் சொல்வது கடினம். நட்ட மரங்கள் ஒரு சில தாய்மரங்களின் விதைகளிலிருந்து வந்தவையாக இருக்கக்கூடும் என்பதால், அவற்றை இயற்கைக் கூட்டத்தோடு சேர்த்து எண்ணினால் கணக்கே பிழையாகிவிடும். "இந்த வரிசை எங்கள் பாட்டனார் வேலிக்காக ஊன்றியது, இதை விட்டுவிடுங்கள்" என்று மூதாட்டி ஒருவர் தடுத்திராவிட்டால், அந்தப் பிழையை நாங்கள் செய்திருப்போம்.

மந்தை வழிகளை நீங்கள் கோலால் மண்ணில் வரைந்து காட்டியதும் பேருதவி. கருவேலங்காய் முற்றினாலும் வெடித்துச் சிதறுவதில்லை. கால்நடைகள் அதைத் தின்று, அசைபோடும்போது துப்பியும் சாணத்தோடு கழித்தும் விதைகளைப் பரப்புகின்றன. மகரந்தத்தைப் பூச்சிகள் சுமக்க, விதையோ மந்தையோடு நெடுந்தொலைவு செல்கிறது. ஆகவே, எட்ட நிற்கும் இரு கூட்டங்களுக்கிடையே உறவு தென்பட்டால், அதற்கான காரணத்தைத் தேடும் இடங்களுள் ஒன்று உங்கள் வழித்தடம்.

உறவு மரங்களையே திரும்பத் திரும்ப எடுத்துவிடாதபடி, இடைவெளி விட்டு மரங்களைத் தேர்ந்து, கடும் வெயிலில் எங்களோடு நடந்த வனக் காவலர்களுக்கும் நன்றி. இலைகளை உலர்த்தி வைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றின் அடையாளச் சீட்டுகளை நான் மாற்றி ஒட்டிவிட்டபோது, சற்றும் முகம் சுளிக்காமல் மறுநாளும் வந்தீர்கள்.

ஆய்வகத் தோழர்களின் பொறுமையையும் குறிப்பிட வேண்டும். டானின் எனும் துவர்ப்புப் பொருளும் பிசினும் நிறைந்த இலையிலிருந்து தூய டி.என்.ஏ.வைப் பிரிப்பது எளிதன்று. மேலும், கருவேலம் பெரும்பாலும் 52 குரோமோசோம்கள் கொண்ட நான்மடிய மரம்; அதாவது, அதன் குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் நான்கு படிகளாக இருக்கும். ஒரு மரத்தின் டி.என்.ஏ.வில் ஒரே இடத்தில் நான்கு மாற்று வடிவங்கள் வரை தோன்றக்கூடுமாதலால், ஒவ்வொரு பதிவையும் இருவர் தனித்தனியே படித்து ஒப்பிட்டீர்கள்.

அயல் மகரந்தச் சேர்க்கை கொண்ட மரங்களில் வேறுபாட்டின் பெரும்பங்கு கூட்டங்களுக்கு உள்ளேயே இருப்பது வழக்கம். எனவே, எங்கள் கணக்கு முடியும்வரை காத்திராமல், விதை சேகரிக்கும்போது ஒரே செழிப்பான மரத்தை நாடாமல் பல தாய்மரங்களிலிருந்து எடுக்குமாறு வேண்டுகிறேன். அடுத்த காய்ப்பருவத்துக்கு முன் முடிவுகளோடு நேரில் வந்து, நீங்கள் வரைந்த வழிகளின் மீதே அவற்றை விளக்கிக் காட்டுவோம்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவின் சார்பில்