வீணை இப்போது வேண்டாம், ஆத்தா

சிவமயம்

மினியாபொலிஸ்,
தை 12

அன்புள்ள ஆத்தாவுக்கு,

இங்கு யாவரும் நலம். அப்பச்சிக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? காரைக்குடியிலிருந்து வரும் அண்ணனிடம் வீணையைக் கொடுத்துவிடுவதாகப் போனில் சொன்னீர்கள். இப்போது வேண்டாம் ஆத்தா. காரணத்தைப் போனில் சொல்லி முடிப்பதற்குள் அப்பச்சி குறுக்கே பேசுவார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

வெளியே மைனஸ் 20. வீட்டுக்குள் 21 டிகிரி. நிலவறையில் கேஸ் அடுப்பு போல ஒன்று ஓயாமல் எரிகிறது. சூடான காற்று தரையில் உள்ள கம்பித் துளைகள் வழியாக அறைக்கு அறை வருகிறது. குளிர்ந்த காற்றில் ஈரம் கொஞ்சம்தான் நிற்கும். அதைச் சூடாக்கினால் ஈரம் கூடாது, தாகம்தான் கூடும். மரம், தோல், உதடு என்று எதிலிருந்தும் உறிஞ்சிக்கொள்ளும். மார்கழியில் அளந்தபோது ஈரப்பதம் 18 சதவீதம். வீட்டில் வள்ளி வாசிக்கும் பியானோவுக்கு 40லிருந்து 50 வரை இருக்க வேண்டும்.

அந்தப் பியானோ பட்ட பாட்டைக் கேளுங்கள். அதற்குள் ஸ்ப்ரூஸ் மரத்தில் பெரிய ஒலிப்பலகை ஒன்று, நடுவில் லேசாகப் புடைத்தபடி இருக்கிறது. 200க்கு மேற்பட்ட தந்திகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 15 டன்னுக்கு மேல். பலகை காய்ந்தால் புடைப்பு அமுங்கும், தந்தி தளரும், சுருதி இறங்கும். ஒரே அளவாக இறங்கினாலாவது பொறுத்துக்கொள்ளலாம். நடு ஸ்தாயி ஒரு பக்கம், மேல் ஸ்தாயி ஒரு பக்கம் என்று போய்விடுகிறது! ஐப்பசி மழையில் நம் சமையல்கட்டுக் கதவு இறுகிக்கொள்ளுமே, அப்படிக் கோடையில் பலகை உப்பி, சுருதி ஏறும். வீணைப் பிருடைபோலத் தந்தியை முறுக்கிப் பிடிக்கும் ஆணிகள் காய்ந்த மரத்தில் பிடிப்பு விட்டால்தான் பெரிய செலவு.

சுருதி சேர்க்க வந்தவர் பியானோவைத் திறக்கும் முன் குனிந்து தரைத் துளையைத்தான் பார்த்தார். காற்று பியானோமேல் படாமல் திருப்பிவிட ஒரு தகடு வைத்தோம். ஹீட்டர் போட்ட கையோடு சுருதி சேர்ப்பது காசுக்குக் கேடு, மரம் அந்தக் காற்றுக்கு அடங்கச் சில வாரம் ஆகும் என்றார். அப்புறம் ஈரமூட்டும் கருவி ஒன்று வாங்கினோம். அதையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. இந்தக் குளிரில் 40 வைத்தால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. 30லேயே ஓட்டுகிறோம்.

நம் வீணையோ ஒட்டு வீணை, துண்டு துண்டாகச் செய்து ஒட்டியது. பலா மரம். இந்தக் காற்றில் ஒட்டு விட்டால் யாரிடம் போவது? மெட்டுக் கம்பிகள் நிற்கும் மெழுகு வெடித்தால், அவற்றை மறுபடி பதித்து மேளம் கட்ட இங்கே ஆள் ஏது? வைகாசியில் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அடுத்த குளிருக்குள் அது இந்த ஊருக்குக் கொஞ்சம் பழகியிருக்கும். பியானோ இருக்கும் அறையிலேயே வைத்தால் ஒரே கருவி இரண்டுக்கும் ஆகும்.

அண்ணனின் பெட்டியில் இடம் மிச்சம்தானே. சீப்புச்சீடையும் மனகோலமும் கொடுத்துவிடுங்கள். அவை எவ்வளவு காய்ந்தாலும் நல்லதுதான்.

அன்பு மகள்,
மெய்யம்மை